ஃபவுண்டன்: உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது எது?

பூங்காவில் பீய்ச்சி அடிப்பது ஃபவுண்டன். வெளிநாட்டு விமான நிலையத்தில் குனிந்து வாய் வைத்துக் குடிக்கிறோமே, அதுவும் ஃபவுண்டன். கல்யாண வரவேற்பில் சாக்லேட் வழிந்துகொண்டே இருக்கும் அடுக்குக் கோபுரம், தியேட்டர் இடைவேளையில் கோலா பிடித்துத் தரும் இயந்திரம், சட்டைப் பையில் செருகும் மைப் பேனா எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். தீபாவளிக்கு நாம் கொளுத்துகிற புஸ்வாணத்தைக்கூட ஆங்கிலத்தில் ஃபவுண்டன் வகை என்றுதான் சொல்கிறார்கள். இவற்றையெல்லாம் புரிந்துகொள்ள அகராதியைவிட உதவுகிற வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது எது? அந்தப் பதில் தெரிந்துவிட்டால், அது எவ்வளவு உயரம் போகும், எத்தனை நேரம் ஓடும், ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். குழாய்க்குள் அடைபட்டிருக்கும் தண்ணீர், தான் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்ப ஏறப் பார்க்கும். மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே குழாயின் வாயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கிட்டத்தட்ட 1 கிலோ எடைக்கு அந்த நீர் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த வாயை வானத்தைப் பார்த்துத் திருப்பித் திறந்தால், கணக்குப்படி தண்ணீர் மறுபடி 10 மீட்டருக்கு எழும்ப வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, குழாயின் உட்சுவரில் உராய்வதிலும் காற்றோடு மோதுவதிலும் கொஞ்சம் போய்விடும். ஆனால் தொட்டியின் மட்டத்தைத் தாண்டி ஒருபோதும் போகாது என்பது மட்டும் உறுதி. தாண்ட வேண்டுமானால் மோட்டார் வேண்டும்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது டியூபின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறதே, அது எப்படி என்று கேட்கலாம். விரல் புதிதாக எந்த அழுத்தத்தையும் உண்டாக்கவில்லை. வாய் முழுக்கத் திறந்திருக்கும்போது தண்ணீர் நிறைய ஓடுகிறது, ஓட ஓட டியூபுக்குள் உராய்ந்தே அழுத்தத்தில் பெரும்பகுதியை இழக்கிறது. வாயை அடைத்ததும் ஓட்டம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, தொட்டி கொடுத்த அழுத்தம் அதிகச் சேதாரமில்லாமல் வாய் வரைக்கும் வந்து சேர்கிறது. பூங்கா ஃபவுண்டன்களில் நாசில் என்று ஒரு குறுகிய மூக்கைப் பொருத்துவது இதற்காகத்தான்.

இனி இயற்கையில் இருக்கும் ஃபவுண்டனுக்கு வருவோம். மலையில் பெய்த மழை பாறை இடுக்கில் இறங்கி, கீழே எங்கோ ஒரு வெடிப்பு வழியாக வெளியே வந்தால் சுனை. அதே நீர், களிமண் போன்ற நீர் புகாத ஒரு படுகைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் விஷயம் வேறு. மேட்டுப் பகுதியில் உள்ளே போன நீரின் எடை முழுவதும் பள்ளத்தில் இருக்கும் நீரை அழுத்திக்கொண்டே இருக்கும், மேலே வர வழி கிடையாது. நாம் ஒரு துளை போட்டால் போதும், மோட்டாரே இல்லாமல் பீறிட்டு வரும். இந்த மாதிரிக் கிணறுகளுக்கு ஆர்ட்டீசியன் கிணறு என்று பெயர். பிரான்சில் ஆர்ட்வா என்ற பகுதியில் 12ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் இப்படித் தோண்டியதால் வந்த பெயர்.

இதற்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நெய்வேலி இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போட்ட ஆர்ட்டீசியன் கிணற்றிலிருந்து தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி அங்கே இருப்பதற்கான முதல் தடயம் என்பது அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நிலக்கரியைக் காட்டிக்கொடுத்த அதே அழுத்தம்தான் பிறகு சுரங்கத்துக்குப் பெரிய தலைவலியும் ஆனது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டிருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே இருக்கும் மண்ணை அப்படியே அள்ளி எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் உள்ளே பாய்ந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபவுண்டன் என்றாலே அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நெய்வேலியை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மனிதன் கட்டிய ஃபவுண்டன்களில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ரோம் நகரம். அங்கே ட்ரெவி ஃபவுண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அக்வா விர்கோ என்ற கால்வாய், கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியது. ட்ரெவியின் இப்போதைய வடிவம் 1762இல்தான் முடிந்தது. படத்தில் பார்த்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: இவ்வளவு பிரம்மாண்டமான ஃபவுண்டனில் தண்ணீர் வானத்தை நோக்கிப் பாய்வதே இல்லை, பாறைகளின் மேல் வழிந்து விழுகிறது. காரணம் எளிது. அக்வா விர்கோ சுமார் 20 கிலோமீட்டர் ஓடி வந்தாலும், புறப்படும் இடத்துக்கும் வந்து சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சில மீட்டர்தான். உயரத் தள்ளுவதற்குப் போதிய அழுத்தம் கிடையாது! சற்றுத் தள்ளி ஸ்பானியப் படிக்கட்டின் அடியில் அதே கால்வாய்த் தண்ணீரில் ஓடும் இன்னொரு ஃபவுண்டன் இருக்கிறது, பார்க்காச்சா என்று பெயர். 1620களின் கடைசியில் பியேத்ரோ பெர்னினி செய்தது. அங்கே அழுத்தம் ரொம்பவே குறைவு, அதனால் அவர் தரைமட்டத்துக்குக் கீழே தொட்டியை இறக்கி, பாதி மூழ்கிய படகு ஒன்றைச் செதுக்கி, அதன் ஓரங்களிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து வழியும்படி அமைத்துவிட்டார். கையில் இருக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற சிலையை யோசித்த அந்த மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். வத்திக்கானின் புனித பீட்டர் சதுக்கத்திலோ தண்ணீர் உயரமாக எழும்பும், ஏனென்றால் அங்கே வருவது அக்வா பாவ்லா என்ற வேறு கால்வாய், அது மேட்டிலிருந்து இறங்கி வருகிறது.

மொகலாயர்களின் தோட்டங்களிலும் இதே உயர வித்தியாசத்தை நம்பித்தான் வேலை நடந்தது. காஷ்மீர் ஷாலிமார் தோட்டம் படிப்படியாக இறங்குவது கண்ணுக்கு அழகுக்காக மட்டும் கிடையாது, மேல் தட்டின் தண்ணீர்தான் கீழ்த் தட்டின் ஃபவுண்டன்களைத் தள்ளுகிறது. லாகூரில் இருக்கும் ஷாலிமாரில் 410 ஃபவுண்டன்கள். இத்தனையை வரிசையாக வைத்தால் ஒரு சிக்கல் வரும்: தண்ணீர் உள்ளே வரும் முனையில் உள்ளவை உயரமாக அடிக்கும், கடைசியில் உள்ளவை சோர்ந்து போகும். தாஜ்மஹாலில் இதற்கு ஒரு தீர்வு செய்தார்கள். ஒவ்வொரு ஃபவுண்டனுக்கும் அடியில் ஒரு செப்புப் பானை. குழாய்த் தண்ணீர் முதலில் பானைகளை நிரப்பும், எல்லாப் பானையிலும் அழுத்தம் சமமான பிறகு அத்தனை ஃபவுண்டனும் ஒரே உயரத்துக்கு எழும்பும்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நடந்தது இதற்கு நேர் எதிர். மேடான இடத்தில் அரண்மனையைக் கட்டிவிட்டுத் தண்ணீரைத் தேடினார் 14ஆம் லூயி. 1684இல் சென் நதியில் 14 பெரிய நீர்ச் சக்கரங்களும் 200க்கும் மேற்பட்ட பம்புகளும் வைத்து 150 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்கள், அப்போதும் எல்லா ஃபவுண்டனையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. ராஜா உலாவ வரும்போது ஆட்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி, அவர் நெருங்கும் ஃபவுண்டனை மட்டும் திறந்து, கடந்து போனதும் மூடிவிடுவார்களாம்.

மோட்டார் காலத்துக்கு நல்ல உதாரணம் ஜெனீவா ஏரியில் இருக்கும் ழெ தோ என்ற ஃபவுண்டன். இது அழகுக்காகப் பிறந்ததே இல்லை. 1880களில் அந்த ஊரின் பட்டறைகளுக்குக் குழாய் வழியாக உயர் அழுத்தத் தண்ணீரை அனுப்பி இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் வேலை முடிந்து ஒவ்வொருவராக வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் எகிறும், உடனே யாராவது ஓடிப்போய்ப் பம்பை நிறுத்த வேண்டும். அந்த அவஸ்தைக்கு முடிவு கட்ட, மிச்ச அழுத்தம் வெளியேற ஒரு வழி வைத்தார்கள், 1886இல் அது சுமார் 30 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியது. பிரஷர் குக்கரில் வெயிட் செய்கிற வேலைதான். மக்களுக்குப் பிடித்துப் போனதால் 1891இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள், 1951 முதல் தனிப் பம்பு நிலையம். இன்று நொடிக்கு 500 லிட்டர், வாயை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், உயரம் 140 மீட்டர். அந்த வேகத்தில் மேலே எறியப்பட்ட எதுவும், காற்றே இல்லாவிட்டால், 157 மீட்டர் போகும். மீதி 17 மீட்டரைக் காற்று தின்றுவிடுகிறது. பலத்த காற்று வீசினால் நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் கரையில் போகிறவர்கள் தலையில் கொட்டும். இன்னும் உயரம் வேண்டுமானால் சவுதியின் ஜித்தாவில் கடல் நீரை 260 மீட்டருக்கு மேல் அனுப்பும் ஃபவுண்டன் ஒன்று இருக்கிறது.

மோட்டாரும் இல்லை, மாடித் தொட்டியும் இல்லை என்றால்? வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியது ஹீரோ ஃபவுண்டன். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற பொறியாளரின் யோசனை. மேலே ஒரு திறந்த தட்டு, நடுவில் நீர் நிரம்பிய பாட்டில், அடியில் காலி பாட்டில், மூன்று மெல்லிய டியூப்கள், அவ்வளவுதான். முதல் டியூப் தட்டிலிருந்து அடிப் பாட்டிலின் தரை வரைக்கும் போகும். இரண்டாவது, அடிப் பாட்டிலின் மேல்பகுதிக் காற்றை நடுப் பாட்டிலின் மேல்பகுதிக்குக் கொண்டுபோகும். மூன்றாவது, நடுப் பாட்டிலின் தரையிலிருந்து கிளம்பித் தட்டுக்கு மேலே நாசிலாக நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது அடிப் பாட்டிலுக்கு இறங்கி அங்கிருக்கும் காற்றை அமுக்கும், அமுங்கிய காற்று நடுப் பாட்டிலின் தண்ணீரை அமுக்கும், அது நாசில் வழியாகப் பீய்ச்சித் தட்டிலேயே விழும், விழுந்தது மறுபடி அடிப் பாட்டிலுக்கு இறங்கும். பார்ப்பவர்களுக்கு இது நிற்கவே நிற்காது என்று தோன்றும். நிற்கும், நடுப் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்ததும். மூடிகளில் டியூப் நுழையும் இடத்தை எம்-சீல் வைத்து இறுக்கமாக அடைக்க வேண்டும், காற்று கொஞ்சம் கசிந்தாலும் வேலை செய்யாது.

குடிநீர் ஃபவுண்டனின் கதை அழுத்தத்தைவிட ஆரோக்கியத்தோடு அதிகம் சேர்ந்தது. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, அசுத்தமான தண்ணீரில்தான் அது பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். சுத்தமான தண்ணீர் ஏழைகளுக்கும் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கி, 1859 ஏப்ரலில் ஸ்னோ ஹில் பகுதியில் ஒரு தேவாலயச் சுவரில் முதல் ஃபவுண்டனைத் திறந்தார்கள். அதில் சங்கிலி போட்டுக் கட்டிய குவளைகள் இருந்தன, வருகிறவர்கள் எல்லோரும் அதிலேயே குடித்தார்கள். ஒரே குவளையால் நோய் தொற்றும் என்று பின்னால் புரிந்து, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 1909இல் பொதுக் குவளையைத் தடை செய்தது. குவளையே இல்லாமல் குடிக்கத்தான் தண்ணீர் வளைந்து எழும்பும் இப்போதைய அமைப்பு. ரோமில் இன்னும் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1874 முதல் தெருவோரம் நிற்கும் இரும்புக் குழாய்கள், இப்போது சுமார் 2500 இருக்கின்றன. நாசோனே, அதாவது பெரிய மூக்கு என்று செல்லப் பெயர். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேல் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் எழும்பும், அப்படியே குடிக்கலாம். கோடையில் மட்டும் தண்ணீர்ப் பந்தல் வைக்கிற நம் ஊர்களிலும் வருஷம் முழுக்க இப்படித் தெருவுக்குத் தெரு நல்ல தண்ணீர் ஓட வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

சோடா ஃபவுண்டனில் தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு. அழுத்தத்தில் தண்ணீருக்குள் கரைத்த வாயு, திறந்ததும் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அமெரிக்க மருந்துக் கடைகளில் இதற்கென்றே ஒரு மேடை இருந்தது, கோகோ கோலாவை 1886இல் அட்லாண்டாவில் முதன்முதலாக விற்றது அப்படி ஒரு மேடையில்தான், ஒரு கிளாஸ் 5 சென்ட். சாக்லேட் ஃபவுண்டனில் அழுத்தமே கிடையாது, நடுக் குழாய்க்குள் ஒரு நீளத் திருகு சுற்றிச் சுற்றி இளஞ்சூடான சாக்லேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது, உச்சியில் வழிந்ததும் தட்டுத் தட்டாக இறங்குகிறது.

புஸ்வாணத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூம்பு வடிவக் கூட்டுக்குள் மருந்தை இறுக்கி அடைத்திருப்பார்கள், உச்சியில் சிறிய வாய். எரியும் மருந்து ஏராளமான வாயுவை உண்டாக்குகிறது, அது அந்தச் சிறிய வாய் வழியாகச் சீறி வரும்போது உலோகத் துகள்களையும் அள்ளிக்கொண்டு வருகிறது. நாம் பூ என்று ரசிப்பது காற்றில் எரியும் அந்தத் துகள்களைத்தான். இரும்புத் தூளென்றால் பொன்னிறம், அலுமினியமென்றால் வெள்ளை. பற்ற வைத்ததும் சின்னதாகத் தொடங்கிப் போகப் போக உயர்வதற்கும் காரணம் அந்தக் கூம்புதான்: தீ கீழே இறங்க இறங்கக் கூம்பு அகலமாகிறது, ஒரே நேரத்தில் எரியும் பரப்பு கூடுகிறது, வாயுவும் கூடுகிறது.

எதையும் தள்ளாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவையும் உண்டு. 1917இல் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு சிறுநீர்க் கோப்பையில் ஆர். மட் என்ற புனைபெயரில் கையெழுத்துப் போட்டு, ஃபவுண்டன் என்று பெயர் வைத்து நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார், அவர்கள் வைக்க மறுத்தார்கள், எது கலை என்ற சண்டை இன்றுவரை ஓடுகிறது. கணினித் துறையில் ஃபவுண்டன் கோட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய கோப்பைப் பல துண்டாக்கி அனுப்பும்போது வழியில் சில துண்டுகள் தொலைந்தால், எது தொலைந்தது என்று கேட்டுக் கேட்டு மறுபடி வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக, துண்டுகளை விதவிதமாகக் கலந்து கணக்கற்ற துளிகளாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எந்தத் துளி கிடைத்தாலும் சரி, போதுமான அளவு சேர்ந்துவிட்டால் முழுக் கோப்பும் திரும்பக் கிடைத்துவிடும். மைக்கேல் லூபி என்ற கணினி விஞ்ஞானி இதற்கான முறையை 2002இல் வெளியிட்டார். 2017இல் இதே முறையைப் பயன்படுத்தி டி.என்.ஏ. மூலக்கூறுகளில் தகவலைச் சேமித்தும் காட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஃபவுண்டன் பேனா. இதில் கேள்வியையே திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் மையை வெளியே தள்ளுவது சுலபம், தலைகீழாகப் பிடித்தால் தானாகக் கொட்டும். கொட்டாமல் தடுப்பதுதான் கஷ்டம். 1827இலேயே பெத்ராக்கே பொயேனாரு என்ற ருமேனியர் பாரிசில் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனாலும் நம்பி எழுதக்கூடிய பேனா வந்தது 1884இல் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற பிறகுதான் என்று சொல்லலாம். நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கட்டையை உருவிப் பாருங்கள். அதில் முடி கனத்துக்கு ஒரு பள்ளம் நீளமாக ஓடும். மை அந்தப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, நிப்பின் பிளவில் ஏறி, காகிதம் பட்டதும் அதில் உறிஞ்சப்படுகிறது. ஒரு துளி மை வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப ஒரு சின்னக் காற்றுக் குமிழி உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் எழுத்து பாதியில் நின்றுவிடும், அளவுக்கு மீறிப் போனால் மை கொட்டிவிடும். கட்டையின் பக்கத்தில் செதில் செதிலாக வெட்டியிருப்பது அப்படி அதிகமாக வரும் மையைப் பிடித்து வைக்க. ஒரு காலத்தில் நிப்புக்கென்றே பெயர் வாங்கிய ஊர் நம் சாத்தூர்.

மை குறைந்த பேனாதான் அதிகம் ஒழுகும். உள்ளே காற்று நிறைய இருக்கிறது, கைச் சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளிவிடும். விமானம் மேலே ஏறும்போது கேபின் காற்றழுத்தம் குறைவதாலும் இதே கதை நடக்கும். அதனால் பயணத்துக்கு முன் பேனாவில் மை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது முழுக்கக் காலி செய்துவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நிப்பு மேலே பார்க்கும்படி சட்டைப் பையில் நிற்கட்டும். பல நாள் எழுதாமல் வைத்து மை காய்ந்து அடைத்துப் போனால் உதறாதீர்கள், நிப்பையும் கட்டையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் தானே விட்டுவிடும்.